அரை மணி நேரச் சைக்கிள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சைக்கிள் ஓட்டறதைப் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசு தம்பி" என்று செயலாளர் அண்ணன் போனில் சொன்னார். இருபது நிமிடம் என்றதும் எனக்குச் சந்தோஷம். ஏனென்றால் நான் பேச வந்த விஷயமே அதுதான். நேரம் கொஞ்சமாக இருந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பது. எனக்குப் பின்னால் சாப்பாடு இருக்கிறது என்பதும் தெரியும். ஆகவே சொன்ன நேரத்துக்குள் முடித்து விடுகிறேன்.

நம் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் வருகிற பதில், "நேரம் எங்கேங்க இருக்கு?" என்பதுதான். இதைச் சாக்கு என்று நான் சொல்ல மாட்டேன். திருப்பூரில் இது சத்தியமான வார்த்தை. காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் நுழைந்தால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து வெளியே வர இரவு எட்டு, எட்டரை ஆகிவிடுகிறது. மெர்ச்சண்டைசராக இருப்பவர்கள் பாடு இன்னும் மோசம். ஐரோப்பாவில் பையர் ஆபீஸ் திறக்கும்போது நமக்கு மதியம் ஆகியிருக்கும். அமெரிக்கப் பையர் என்றால் நமக்குச் சாயங்காலம் ஆனால்தான் அவருக்குப் பொழுது விடியும். சாயப்பட்டறையில் மூன்று ஷிப்டும் ஓடும். ஷிப்மென்ட் நாள் வந்துவிட்டால், கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்புகிற வரை வீடு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே மறந்து போகும். இப்படிப்பட்ட ஊரில் வந்து நின்றுகொண்டு "தினமும் இரண்டு மணி நேரம் சைக்கிள் ஓட்டுங்கள்" என்று நான் சொன்னால், அது பசியோடு இருப்பவனிடம் மெனு கார்டை வாசித்துக் காட்டுகிற கதைதான்.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இண்டியாப் ஆய்வு 2023ஆம் ஆண்டு வெளிவந்தது. நாட்டில் வயது வந்தோரில் 11.4 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று அது சொல்கிறது. தலைக்கணக்கில் சுமார் 10 கோடிப் பேர். நம் செட்டிலேயே கூட்டிப் பாருங்கள், மாத்திரை டப்பாவோடு வந்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று. 1953ஆம் ஆண்டு லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். ஒரே பஸ், ஒரே ரூட், ஒரே ஷிப்ட். உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, நாள் முழுக்கப் படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாக இருந்தது. நம் கம்பெனிகளில் கண்டக்டராக ஆரம்பித்து டிரைவராக முடிகிறவர்கள்தான் அதிகம். சூப்பர்வைசராக லைனுக்கும் கட்டிங்குக்கும் நடந்து கொண்டிருந்தவர், மேனேஜர் ஆனதும் ஏ.சி. அறைக்குள் உட்கார்ந்து விடுகிறார். சம்பளம் ஏறுகிறது, கூடவே இடுப்பளவும் ஏறுகிறது.

ஆக, நேரம் இல்லை என்பதும் உண்மை, உடம்பு கெடுகிறது என்பதும் உண்மை. நடுவில் வழி இருக்கிறதா? இருக்கிறதுங்க. எஞ்சினியர் புத்தியோடு அதைப் பார்ப்போம்.

சாயத்தில் இருந்து ஒரு பாடம்

இங்கே சாயப்பட்டறைக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு கேள்வி. 60 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டிய ரியாக்டிவ் சாயத்தை, "கொதிகலன் மக்கர் பண்ணுது, 30 டிகிரியிலேயே இரண்டு மணி நேரம் ஓட்டி விடுகிறேன்" என்று சொன்னால் லேப் டிப்பில் வந்த ஷேடு வருமா? வராது. நேரம் வேறு, சூடு வேறு. ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றைக் கூட்டிப் போட்டுச் சரிக்கட்ட முடியாது.

உடற்பயிற்சியிலும் இதே கணக்குதான். அமெரிக்காவில் சிகாகோவிலிருந்த இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளர் 1980களில் இதைச் சோதித்தார். சிலருக்கு வாரம் 6 நாள், நாளுக்கு 40 நிமிடம், கடுமையான சைக்கிளும் ஓட்டமுமாகப் 10 வாரம் பயிற்சி கொடுத்தார். உடல் நன்றாக ஏறியது. அதன் பிறகு 15 வாரத்துக்கு ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்த்தார். 6 நாளை 4 நாளாகவும் 2 நாளாகவும் குறைத்தார். உடம்பு ஆக்சிஜனை உள்வாங்கிப் பயன்படுத்தும் உச்ச அளவு இறங்கவில்லை. 40 நிமிடத்தை 26 நிமிடமாகவும் 13 நிமிடமாகவும் குறைத்தார். அப்போதும் இறங்கவில்லை. கடைசியாக நாளையும் நிமிடத்தையும் அப்படியே வைத்துவிட்டு, வேகத்தை மட்டும் மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு என்று குறைத்தார். இறங்கி விட்டது.

இதிலிருந்து நமக்குத் தெரிவது என்ன? நேரத்தை வெட்டலாம், நாளைக்கூட வெட்டலாம். சூட்டைக் குறைத்தால்தான் சாயம் வெளுக்கும். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு வரியும் உண்டு, அதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை. 13 நிமிடமாகக் குறைத்தவர்களுக்கு, நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் திறன் சுமார் 10 சதவிகிதம் குறைந்தது. குறுகிய பயிற்சிக்கு ஓர் எல்லை இருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு வருகிறேன்.

மூன்று ஆய்வுகள்

குறைந்த நேரப் பயிற்சி என்றாலே எல்லோரும் சொல்கிற பெயர் ஜப்பானியர் இசுமி தபாட்டா. அந்நாட்டு வேகச் சறுக்கு அணியினர் செய்து வந்த ஒரு பயிற்சியை அவர் அளந்து பார்த்து 1996இல் வெளியிட்டார். நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளில் 20 விநாடி உயிரைக் கொடுத்து மிதிப்பது, 10 விநாடி ஓய்வு. இப்படி ஏழெட்டுச் சுற்று. மொத்தம் நாலு நிமிடம். ஆறு வாரத்தில், தினம் ஒரு மணி நேரம் மிதமாக ஓட்டியவர்களுக்குச் சமமாக இவர்களின் ஆக்சிஜன் திறனும் ஏறியது. ஆக்சிஜன் போதாத நேரத்தில் உடல் வேலை செய்யும் திறன் 28 சதவிகிதம் கூடியது. ஒரு மணி நேரக்காரர்களுக்கு அது கூடவில்லை.

ஒரு எச்சரிக்கை. இன்று போனில் தபாட்டா என்று எதை எதையோ காட்டுகிறார்கள். கையை ஆட்டி, பாட்டுப் போட்டு, சிரித்துக்கொண்டே செய்கிறார்கள். அந்த ஆய்வில் எட்டாவது சுற்றில் ஆள் மேற்கொண்டு மிதிக்க முடியாமல் நின்று போனார். சிரித்துக்கொண்டே செய்ய முடிகிறது என்றால் அது வேறு ஏதோ ஒன்று.

இரண்டாவது கனடா, மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம், மார்ட்டின் கிபாலா. 2006இல் அவர் குழு ஒரு ஒப்பீடு செய்தது. இரண்டு வாரத்தில் ஆறு முறை பயிற்சி. ஒரு குழு 30 விநாடி முழு வேகம், 4 நிமிடம் ஓய்வு என்று சில சுற்றுகள். இடையில் எடுத்த ஓய்வெல்லாம் சேர்த்து மொத்தம் இரண்டரை மணி நேரம். இன்னொரு குழு நிதானமாக நீண்ட நேரம் ஓட்டியது. மொத்தம் பத்தரை மணி நேரம். தசையில் ஏற்பட்ட மாற்றமும் பந்தய நேரத்தில் கண்ட முன்னேற்றமும் இரண்டு குழுவிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. 2016இல் அதே பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத ஆண்களை எடுத்தார்கள். மொத்தம் 10 நிமிடம்தான், அதற்குள் 20 விநாடி முழு மிதி மூன்றே முறை. வாரம் மூன்று நாள், 12 வாரம். 45 நிமிடம் நிதானமாக ஓட்டிய குழுவுக்கு எவ்வளவு ஏறியதோ அவ்வளவே இவர்களுக்கும் ஏறியது. 19 சதவிகிதம்.

மூன்றாவது நார்வே நாட்டின் டிரான்டைம் நகரம். ஹெல்கெரூட் குழுவினர் 2007இல் வெளியிட்டது. 4 நிமிடம் கடுமையாக, 3 நிமிடம் இலகுவாக, இப்படி நான்கு சுற்று. அவர்கள் செய்தது ஓட்டத்தில்தான், ஆனால் சைக்கிளுக்கும் அப்படியே பொருந்தும். எட்டு வாரத்தில் 7 சதவிகிதத்துக்குச் சற்று மேல் முன்னேற்றம். நம்மைப் போன்ற வேலைக்காரர்களுக்கு மூன்றில் எது ஏற்றது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். தபாட்டா மாதிரி உயிர் போகாது, மனதும் தாங்கும்.

இந்த ஆய்வுகளில் ஆட்கள் குறைவு, பெரும்பாலும் இளைஞர்கள். பயிற்சியே இல்லாதவனுக்கு எதைக் கொடுத்தாலும் முதலில் ஏறத்தான் செய்யும். அதையும் மனதில் வைத்துக் கொள்ளுங்கள். ஆனாலும் நாட்டுக்கு நாடு, குழுவுக்குக் குழு ஒரே திசையைக் காட்டுகிறபோது அதை ஒதுக்கித் தள்ள முடியாது.

காரணமும் புரிந்து கொள்ள வேண்டியதுதான். மெதுவாக மிதிக்கும்போது தசையில் மெது நார்கள் மட்டும் வேலை செய்கின்றன. வேக நார்கள் பாட்டுக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும். சுமை ஏற ஏறத்தான் அவை வேலைக்கு வரும். பனியன் கம்பெனியில் ஆர்டர் குறைவாக இருந்தால் இரண்டு லைன் மட்டும் ஓடுகிற மாதிரி. அர்ஜென்ட் ஆர்டர் வந்தால்தான் பத்து லைனும் ஓடும். இருதயமும் அப்படித்தான். ஒரு துடிப்பில் அதிகபட்சம் எவ்வளவு ரத்தம் தள்ள முடியுமோ அந்த அளவுக்கு அதைக் கொண்டுபோனால்தான் அது பெரிய பம்பாக மாறும்.

ஒரு வாரத்துக்கு ஒரு திட்டம்

எண்களாகவே சொல்லிவிடுகிறேன். மலரில் அச்சாகும்போது வெட்டி எடுத்து வைத்துக் கொள்ள வசதியாக இருக்கும்.

செவ்வாய்: 40 நிமிடம். முதல் 10 நிமிடம் மெதுவாக ஆரம்பித்து உடலைச் சூடு செய்வது. பிறகு 4 நிமிடம் கடுமை, 3 நிமிடம் இலகு. கடுமை நான்கு முறை, இடையில் இலகு மூன்று முறை. கடைசி 5 நிமிடம் ஆறவிடுவது.

வியாழன்: 30 நிமிடம். 10 நிமிடம் சூடு. பிறகு 30 விநாடி வேகம், ஒன்றரை நிமிடம் இலகு, எட்டு முறை. 4 நிமிடம் ஆறவிடுவது.

வெள்ளி: 30 நிமிடம். 6 நிமிடம் சூடு. 8 நிமிடம் ஒரே சீரான நடுத்தர அழுத்தம், 3 நிமிடம் இலகு, மறுபடி 8 நிமிடம். 5 நிமிடம் ஆறவிடுவது. வியாழன் செய்து கால் கனத்துப் போயிருந்தால் இதை விட்டுவிடலாம், தப்பில்லை.

ஞாயிறு: லீவு நாள். ஒரே ஒரு நீண்ட சவாரி, இரண்டு மணி நேரம், பேசிக்கொண்டே ஓட்டுகிற வேகத்தில்.

திங்கள், புதன், சனி ஓய்வு. சனிக்கிழமை சம்பள நாள், அன்றைக்கு யாருக்கும் எதற்கும் நேரம் கிடையாது என்பது நமக்குத் தெரிந்ததே.

கூட்டிப் பார்த்தால் வார நாட்களில் 100 நிமிடம், ஞாயிறு 120 நிமிடம். மொத்தம் 3 மணி 40 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடக் கடும் உழைப்பு. நாம் அதற்குள் வந்து விடுகிறோம். "ஒரே தடவையில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு" என்று முன்பு இருந்த விதியையும் அதே 2020இல் எடுத்துவிட்டார்கள். ஆக, வீட்டிலிருந்து கம்பெனிக்கு ஏழு நிமிடம் மிதித்தாலும் அது வரவில்தான் சேரும்.

கடுமை என்றால் எவ்வளவு கடுமை? இதற்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை. முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அது இலகு. நாலைந்து வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் நடுத்தரம். ஒன்றிரண்டு வார்த்தைக்கு மேல் வராவிட்டால் கடுமை. கடுமையில் இருக்கும்போது போன் வந்தால் "அப்புறம் கூப்பிடறேன்" என்றுகூடச் சொல்ல வரக்கூடாது. நாடித்துடிப்பு காட்டும் வாட்ச் கட்டியிருப்பவர்கள் ஒரு கணக்குப் போடலாம். வயதை 0.7ஆல் பெருக்கி 208இல் கழிக்க வேண்டும். 35 வயது என்றால் உச்சத் துடிப்பு சுமார் 183. அதில் 90 சதவிகிதம் 165. 4 நிமிடச் சுற்றின் பின்பாதியில் அந்த இடத்தைத் தொட்டால் சரியாகச் செய்கிறீர்கள். இது சராசரிக் கணக்கு, ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்பு முன்னே பின்னே இருக்கும்.

முதல் சுற்றிலேயே வீரத்தைக் காட்டிவிடாதீர்கள். நாலாவது சுற்றும் முதல் சுற்றின் வேகத்திலேயே முடிய வேண்டும். அதுதான் சரியான அளவு.

சூடு செய்வதில் கஞ்சத்தனம் வேண்டாம். நேரம் குறைவு என்றதும் முதலில் எல்லோரும் வெட்டுவது அதைத்தான். சர்க்குலர் நிட்டிங் மெஷினில் நூலைக் கோத்ததும் நேராக முழு வேகத்தில் விடுகிறோமா? மெதுவாகச் சுற்றவிட்டு, ஊசி ஓடுவதைப் பார்த்து, பிறகுதானே வேகம் ஏற்றுகிறோம். ஊசி உடைந்தால் மாற்றிக் கொள்ளலாம். முட்டி மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை.

எங்கே ஓட்டுவது?

"நம்ம ஊர்ல ஏதுங்க ரோடு?" என்பீர்கள். உண்மைதான். அவிநாசி ரோடு, பல்லடம் ரோடு, காங்கயம் ரோடு எல்லாம் காலை எட்டு மணிக்கு மேல் கம்பெனி வேனும் டெம்போவுமாக நிரம்பிவிடும். அந்த நேரத்தில் வேகச் சுற்று போடுவது தற்கொலைக்குச் சமம். விடிந்தும் விடியாத ஐந்தரை மணியிலிருந்து ஆறரை மணிக்குள் முடித்துவிட வேண்டும். அவிநாசி, பெருமாநல்லூர் வழியாகப் போகும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வழவழவென்று இருக்கிறதே என்று அங்கே போகாதீர்கள். அங்கே லாரிகள் போகிற வேகத்துக்கு நாம் ஈடில்லை. நமக்கு ஏற்றது ஊரைத் தாண்டிய கிராமச் சாலைகளும், பரம்பிக்குளம் ஆழியாறு பாசன வாய்க்கால் ஓரத்துப் பாதைகளும்தான். நடுவில் சிக்னல் இல்லாத இரண்டு கிலோமீட்டர் நேர்ச் சாலை ஒன்று தேடிப் பிடித்தால் போதும். அதிலேயே போய் வந்து போய் வந்து நாலு சுற்றையும் முடிக்கலாம். அந்தச் சாலையில் எந்த வளைவில் எந்த நாய் துரத்தும் என்பதும் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

மேடு இல்லாத ஊர் என்று கவலை வேண்டாம். நமக்குக் காற்று இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று சும்மாவா? அந்தக் காற்றை நம்பித்தானே பல்லடத்திலும் உடுமலையிலும் தாராபுரத்திலும் காற்றாலை நிற்கிறது. ஒரு கணக்குச் சொல்கிறேன். காற்றில்லாத நாளில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். அதே வேகத்தில் 20 கிலோமீட்டர் எதிர்காற்றில் போனால், உடம்பின் மேல் வந்து மோதுகிற காற்றின் வேகம் 35. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 35ஐ 15ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 5.4 மடங்கு. கியர் இல்லாத சாதாரண வண்டியிலேயே சமதளத்தில் மலை ஏறுகிற வேலை கிடைத்து விடுகிறது. போகும்போது மேற்கே போய்விட்டு, திரும்பும்போது காற்றோடு வாருங்கள். மாற்றிச் செய்தால் களைத்துப்போய்த் திரும்புகிற நேரத்தில் அழுகை வரும்.

நிஜமான மேடு வேண்டும் என்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சிவன்மலை, சென்னிமலை மலைப்பாதைகள் இருக்கின்றன. முருகனையும் பார்த்த மாதிரி ஆயிற்று.

வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. லட்ச ரூபாய் சைக்கிள் தேவையில்லை. பிரேக் பிடிக்க வேண்டும், டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும், சீட் உயரம் சரியாக இருக்க வேண்டும். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் எளிய அளவு. நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு முட்டியைத் தேய்க்கிறார்கள். தலைக்கவசம், முன் விளக்கு, பின் சிவப்பு விளக்கு மூன்றும் கட்டாயம். இருட்டில் கறுப்பு டீ-சர்ட் போட்டு ஓட்டாதீர்கள். பனியன் ஊரில் வெளிர் நிறத் துணிக்கா பஞ்சம்?

செட்டிங் நேரம்

தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்கு ஷிகியோ ஷிங்கோ என்ற பெயர் தெரிந்திருக்கும். 1969இல் டொயோட்டாவில் ஆயிரம் டன் பிரஸ் ஒன்றுக்கு அச்சு மாற்ற நாலு மணி நேரம் ஆகிக் கொண்டிருந்தது. அதை அவர் முதலில் ஒன்றரை மணி நேரமாக்கி, பிறகு மூன்றே நிமிடத்துக்குக் கொண்டு வந்தார். ரகசியம் எளிது. மெஷின் ஓடும்போதே செய்யக்கூடிய வேலையை, மெஷினை நிறுத்திவிட்டுச் செய்யாதே என்றார்.

நமக்குக் கிடைக்கிற ஐம்பது நிமிடத்தில் எங்கே ஓட்டை விழுகிறது என்று பாருங்கள். சாக்ஸ் தேடப் பத்து நிமிடம், காற்று அடிக்க ஐந்து நிமிடம், "மழை வருமா?" என்று வானத்தைப் பார்க்க ஐந்து நிமிடம், போனைப் பார்க்கப் பத்து நிமிடம். மீதி இருபது நிமிடம். இதையெல்லாம் முந்தின இரவே முடித்து வைத்துவிட வேண்டும். துணி, தண்ணீர் பாட்டில், சார்ஜ் ஏறிய விளக்கு, காற்றடித்த வண்டி எல்லாம் வாசலில் தயார். நாளைக்கு எந்தப் பயிற்சி என்பதும் இரவே முடிவு. காலையில் எழுந்து யோசிக்க ஆரம்பித்தால் ஜெயிக்கப் போவது படுக்கைதான்.

ஓய்வும் உற்பத்திதான்

நிட்டிங் முடிந்து, வாஷிங் முடிந்து, காம்பாக்டிங் முடிந்த துணியை நேராகக் கட்டிங் டேபிளில் விரித்தால் என்ன ஆகும்? விவரம் தெரிந்த மாஸ்டர் விடமாட்டார். "ரோலைப் பிரிச்சுப் போடு, ரிலாக்ஸ் ஆகட்டும்" என்பார். லைக்ரா கலந்த துணியென்றால் கேட்கவே வேண்டாம். இழுவிசை அடங்காமல் வெட்டினால் பீஸ் அளவு சுருங்கி, பையர் ரிஜெக்ட் செய்வார். உடம்பும் அதே நிட்டட் துணிதான். கடும் பயிற்சியில் அது இழுபடுகிறது. திரும்ப அளவுக்கு வருவது தூக்கத்தில்தான். ஆகவே கடும் பயிற்சி வாரத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. "குறைந்த நேரம்தானே" என்று தினமும் செய்யக் கிளம்பினால் மூன்றாவது வாரத்தில் நின்றுபோவீர்கள். இரவு ஷிப்மென்ட் பார்த்துவிட்டு இரண்டு மணிக்குப் படுத்தவர், ஐந்து மணிக்கு எழுந்து வேகச் சுற்று போட வேண்டாம். அன்றைக்குத் தூக்கமே பயிற்சி.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. நாற்பது தாண்டியவர்கள், பி.பி., சர்க்கரை, குடும்பத்தில் இருதய நோய் உள்ளவர்கள், பல வருடமாக அசையாமல் இருந்தவர்கள், டாக்டரைப் பார்க்காமல் கடும் பயிற்சியில் இறங்கக் கூடாது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு ஓட்டும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். பையில் கற்கண்டோ கடலை மிட்டாயோ இருக்கட்டும். எல்லோருமே முதல் ஒரு மாதம் இலகுவாக மட்டும் ஓட்டிவிட்டு, அதன்பின் கடுமைக்கு வாருங்கள். நெஞ்சில் அழுத்தம், இடது கையில் வலி, தலைசுற்றல், எது வந்தாலும் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். "வாயுவா இருக்கும்" என்று சோடா குடித்து ஆற்றிக் கொள்ளாதீர்கள். உங்கள் ஷிப்மென்டை இன்னொருவர் பார்த்துக் கொள்வார். உங்கள் வீட்டுக்கு இன்னொருவர் கிடையாது.

அரை மணி நேரத்தால் ஆகாதது

ஹிக்சனின் அந்த 10 சதவிகிதத்துக்கு வருகிறேன். தம்பிகள் சிலர் பிரெவே ஓட்ட ஆசைப்படுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நல்ல ஆசை. பக்கத்தில் கோவையிலேயே நடக்கிறது. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 300க்கு 20 மணி, 400க்கு 27 மணி, 600க்கு 40 மணி. ஒரே பருவத்தில் நான்கையும் முடித்தால் சூப்பர் ராண்டனர் என்று பெயர். பிரான்சில் நாலு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் 1,200 கிலோமீட்டருக்கு அதிகபட்ச நேரம் 90 மணி. கடைசியாக 2023இல் நடந்தது. 200 கிலோமீட்டர் பிரெவேயின் வேகம், நின்று சாப்பிட்ட நேரம் உட்பட, மணிக்கு 15 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவுதான். அரை மணி நேரப் பயிற்சி அந்த இருதயத்தைத் தரும். ஆனால் பத்து மணி நேரம் சீட்டில் உட்காரப் பழகுவது, வெயிலில் எப்போது எவ்வளவு குடிப்பது, எதைச் சாப்பிட்டால் வயிறு ஒத்துக் கொள்ளும், கை மரத்துப் போனால் என்ன செய்வது, இதெல்லாம் நீண்ட சவாரியில்தான் கற்க முடியும். அதற்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. அதை இரண்டு மணியிலிருந்து மூன்று, நான்கு என்று மாதாமாதம் நீட்டிக் கொண்டே போங்கள். வார நாள் அரை மணியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, கம்பெனி நடத்தும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக் கொடுத்தது. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பின்னால் நின்றார். ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டினார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம், தண்ணீருக்கு நடந்த நேரம் அவர்கள் கைக்குத் திரும்பி வந்தது. மேலே இருக்கும் ஒருவர் மனம் வைத்தால் கீழே இருப்பவர்களுக்கு நேரம் கிடைக்கும் என்பதற்கு அது சாட்சி. நம் கம்பெனிகளில் பைக்குக்கும் காருக்கும் கூரை போட்ட ஸ்டாண்ட் இருக்கிறது. சைக்கிள் வெயிலில் நிற்கிறது. நான் கேட்பது மூன்றே விஷயம். சைக்கிளுக்கு ஒரு கூரை. வேர்வையோடு வருகிறவர் குளித்து உடை மாற்ற ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று ஓர் அறை. வாரத்தில் இரண்டு நாளாவது ஒன்றரை ஷிப்ட் இல்லாத சாயங்காலம். முதல் இரண்டுக்கும் ஆகிற செலவு, ரிஜெக்ட் ஆன ஒரு ஷிப்மென்டைவிடக் குறைவாகத்தான் இருக்கும். மூன்றாவது கஷ்டம் என்று எனக்கும் தெரியும். டெலிவரி தேதி நம் கையில் இல்லை. ஆனால் நம்மிடம் இருக்கிற டெய்லரும் கட்டிங் மாஸ்டரும் ஐம்பது வயதிலும் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று நினைத்தால், அதைப் பற்றி ஒருநாள் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். அந்தப் பேச்சை நம் சங்கமே ஆரம்பித்து வைக்கலாம் என்பது என் ஆசை.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு இப்போது நேரம் இருக்கிறது. இன்னும் ஐந்து வருடத்தில் இருக்காது. நேரம் இருக்கும்போதே பழகிவிட்டால், நேரம் இல்லாதபோதும் அந்தப் பழக்கம் அரை மணி நேரத்துக்குள் தன்னைச் சுருக்கிக்கொண்டு உங்களோடு இருக்கும். வருகிற செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்கு, நம் கல்லூரி மெயின் கேட்டில் நான் சைக்கிளோடு நிற்பேன். பத்து நிமிடம் சூடு, நாலு சுற்று, ஐந்து நிமிடம் ஆறல், ஆறே கால் மணிக்குள் வீட்டுக்குக் கிளம்பி விடலாம். வருகிறவர்கள் வாருங்கள். டீ என் செலவு.